தாயின் தொழில்

அத்தியாயம் 17

லட்சுமம்மா வந்த நேரம் சரியில்லை. அவள் எந்த நேரத்தில் வந்திருந்தாலும் சரியாக இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

மே மாதத்தின் கடைசி ஞாயிறு. முந்தைய நாள் சாயங்காலம் அடித்த கோடை மழையில் தக்காளிச் செடிகள் மொத்தமும் படுத்துவிட்டன. காய் பழுக்கிற சமயத்தில் செடி தரையில் கிடந்தால் இரண்டே நாளில் அழுகிவிடும். காலை ஆறரை மணியிலிருந்து சங்கமித்ராவும் மகள் யசோதராவும் குச்சி நட்டு, ஒவ்வொரு செடியாகத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு போட்டுக் கட்டினால் தண்டு அறுந்துவிடும். பழைய துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து, குச்சிக்கும் செடிக்கும் நடுவில் ஒரு முறுக்கு விட்டு, தளர்வாகக் கட்ட வேண்டும். யசோ அதில் கெட்டிக்காரி. பன்னிரண்டு வயதில் அவள் விரல்கள் ஓடுகிற வேகம் அம்மாவுக்கு வராது.

சங்கமித்ராவின் கோபம் காலையில் ஆரம்பித்தது அல்ல. போன வாரம் கணவன் பிரகாஷ் போனை வைத்துவிட்டு, “அக்கா ஞாயித்துக்கெழம வர்றாங்க” என்று சுவரைப் பார்த்துச் சொன்னானே, அப்போதே ஆரம்பித்துவிட்டது. அவன் சுவரைப் பார்த்துப் பேசினால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். பதினான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இதைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை என்றால் எப்படி?

இந்த வாரம்தான் கதைக்குள் வந்திருப்பவர்களுக்காக நாலு வரி.

இரண்டு வருஷம் முன்புவரை இந்தக் குடும்பம் ஜோகுபாளையத்தில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தது. யசோ காக்ஸ் டவுனில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தாள். பிரகாஷின் அக்கா லட்சுமம்மா அங்கே இருபத்தாறு வருஷமாக ஆயா. சங்கமித்ரா வேறொரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு யசோ மறந்துவிட்டுப் போன டிபன் டப்பாவைக் கொடுக்கப் போன சங்கமித்ரா, வேலிக்கு வெளியிலிருந்து ஒன்றைப் பார்த்தாள். வகுப்பு ஜன்னலிலிருந்து பாடம் நடக்கிற சத்தம் வருகிறது. அவள் மகளும் இன்னும் இரண்டு ஜோகுபாளையத்துப் பெண்களும் பள்ளித் தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டப் பீரியட் என்று ஒன்று உண்டு. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. ஆனால் மற்றவர்கள் அந்தப் பீரியடில் த்ரோபால் ஆடுவார்களாம். இந்த மூன்று பேர் மட்டும் தோட்டத்துக்கு. அதுவும் போகப் போகக் கணக்குப் பீரியடிலும்.

அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தன் வேலையையும் விட்டாள். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அந்தப் பக்கம், சந்தாபுரம் தாண்டி, எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மனையில் பாதி கட்டி நின்ற வீட்டுக்குக் குடும்பத்தோடு குடிவந்தாள். அன்று முதல் யசோவுக்கு அம்மாதான் பள்ளிக்கூடம். காலையில் தோட்டம், பத்து மணிக்குமேல் சமையலறை மேஜையில் பாடம். பாத்தியை அளந்து பரப்பளவு, பாட்டிலில் பிடித்த மழையை அளந்து சராசரி, நாலு கோழி இடுகிற முட்டையை வைத்து சதவீதம். தெருவில் இருப்பவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. ஜூன் நெருங்கினால் ஆளுக்கு ஆள் நிறுத்தி, எந்தப் பள்ளிக்கூடம் என்று, “யாவ ஸ்கூலு?” என்பார்கள். வீட்டுப் பள்ளிக்கூடம் என்று யசோ, “மனே ஸ்கூலு” எனக் கன்னடத்திலேயே சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

நாலு வரி என்றேன், கொஞ்சம் நீண்டுவிட்டது. போகட்டும்.

ஒன்பதரை மணிக்கு கேட் திறந்தது. மார்க்கெட்டில் பஸ் மாறி, சந்தாபுரத்திலிருந்து வெயிலில் நடந்து வந்த லட்சுமம்மா, கையிலிருந்த பெரிய பையைக் கீழேகூட வைக்கவில்லை. தக்காளிப் பாத்தியைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

“வாங்க அண்ணி” என்றாள் சங்கமித்ரா, கை மண்ணை உதறிக்கொண்டே.

லட்சுமம்மா அவளைப் பார்க்கவில்லை.

“யசோ, இது என்னாது?”

“தக்காளி, அத்தை.”

“தக்காளி எனக்குத் தெரியும். அதுல கட்டி வெச்சிருக்கியே, அது என்னாது?”

யசோ அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அங்க ஏன் பாக்கறே? என்னைப் பாத்து சொல்லு. அது ஸ்கூல் பினாபோரா இல்லியா?”

“ஆமா அத்தை. பழசு. எனக்கு இடுப்பே ஏறல.”

“யாரு கிழிச்சது?”

“நான்தான்.”

நீலத்தில் வெள்ளைக் கட்டம். இருபத்தாறு வருஷமாக அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண், நாற்பது அடி தூரத்திலும் அதை விடாது. யசோ பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள் கேட்டைத் திறந்துவிட்டவள் லட்சுமம்மாதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் தம்பி வீட்டுக்கு வந்து அந்தப் பினாபோரைத் தன் கையால் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு வைத்துவிட்டுப் போவாள். அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்த மடிப்புதான் அவள் பெருமை. அது இப்போது முப்பத்திரண்டு தக்காளிச் செடிகளின் இடுப்பில் முடிச்சு முடிச்சாகத் தொங்கியது.

“துணிக்கு அவ்ளோ பஞ்சமா இந்த வீட்ல? தக்காளிக்குக் கட்ட யூனிபார்ம்தான் கெடைச்சுதா?”

“சின்னதாப் போன துணி அண்ணி. வேற யாருக்கும் குடுக்கவும் முடியாது, அந்த ஸ்கூல் துணி” என்றாள் சங்கமித்ரா.

“நீ பேசாதே. பிள்ளைக்கு நீ சொல்லிக் குடுத்த மரியாதைதான் இது. உன் வாயில வர்றதுக்கு முன்னாடி அவ கையில வந்துடுச்சு.”

“கத்தாதீங்க. உள்ள வாங்க, தண்ணி குடிங்க.”

“கத்துவேன். எங்கப்பன் பேரைச் சொல்லிக் கத்துவேன். கோவிந்தப்பான்னா காக்ஸ் டவுன்ல அந்தக் காலத்துல எல்லா பங்களாக்காரனுக்கும் தெரியும். முப்பது வருஷம் மாலி, தோட்டக்காரரு. தாகம்னா செடிக்குத் தண்ணி வுடற ட்யூப்ல வாயை வெச்சுக் குடிக்கணும். ஒரு டம்ளர் குடுத்ததில்ல. சாவற வரைக்கும் ஒண்ணுதான் சொன்னாரு, என் வீட்டுப் பிள்ளைங்க மம்பட்டி புடிக்கக் கூடாதுன்னு. நான் புடிக்கல. பிரகாஷு புடிக்கல. இவ புடிச்சிருக்கா பாரு.”

“மாமா அடுத்தவங்க தோட்டத்துல புடிச்சாரு. இவ இவளோட சொந்த மண்ணுல புடிக்கறா. ரெண்டும் ஒண்ணா?”

“பாக்கறவங்களுக்கு ஒண்ணுதான்.”

“பாக்கறவங்களுக்காக நான் பிள்ளை வளக்கல.”

“ஆமாண்டி, நீ சொல்லுவே. பி.எட். வரைக்கும் படிச்சு முடிச்சுட்டு, அதுக்கப்பறம் மண்ணுல கை வெச்சவ நீ. உனக்கு இது ஆசை. இவளுக்கு என்னா இருக்கு கையில? ஒரு சர்டிபிகேட் இருக்கா? நம்ம ஜனங்க ஸ்கூல் வாசல்ல நின்னு நின்னு உள்ள போனவங்க. நீ உள்ள இருந்த பிள்ளையை வெளிய இழுத்துட்டு வந்திருக்கே. ஏறிட்டு ஏணியை எட்டி உதைக்கறே.”

இதற்கு சங்கமித்ராவிடம் பதில் இருந்தது. பதினான்கு வயதானதும் திறந்தவெளிப் பள்ளியில் பதிவு செய்து பரீட்சை எழுதலாம் என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் ஏணி என்ற வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது. நாத்தனார் சொன்னதில் பாதி உண்மை என்று அவளுக்கே தோன்றியதுதான் காரணம். எதிராளி பாதி உண்மை சொல்கிறபோது வருகிற கோபம் ரொம்பப் பொல்லாதது.

அந்த நேரம் பார்த்து பிரகாஷின் டி.வி.எஸ். வந்து நின்றது. அக்கா வருகிறாள் என்று சந்தாபுரத்துக்குக் கோழி வாங்கப் போயிருந்தான். வீட்டுக் கோழிகளின் மேல் யசோ கை வைக்க விடமாட்டாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருப்பவன், ஒரே பார்வையில் எங்கே ஷாக் அடிக்கும் என்று தெரிந்துகொண்டு, வண்டியைவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தான்.

“எறங்குடா” என்றாள் லட்சுமம்மா. “இவகிட்ட இன்னும் சொல்லலியா நீ?”

பிரகாஷ் வேலியைப் பார்த்தான்.

“என்ன சொல்லணும்?” என்றாள் சங்கமித்ரா.

லட்சுமம்மாவே பையோடு வீட்டுக்குள் போய், அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சமையலறை மேஜைமேல் அடுக்கினாள். எல்லோரும் அவள் பின்னால் உள்ளே வந்திருந்தார்கள். புதிதாகத் தைத்த நீலக் கட்டப் பினாபோர் இரண்டு. வெள்ளைச் சட்டை இரண்டு. நியூஸ்பேப்பரில் சுற்றிய கறுப்பு ஷூ. கடைசியாக, பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு படிவம்.

“நாளைக்குக் காலைல எட்டரைக்கு இண்டர்வியூ. ஏழாங்கிளாஸ். ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட கைகால்ல விழாத குறையாக் கேட்டு வாங்கியிருக்கேன். எல்லாம் எழுதியாச்சு. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

சங்கமித்ரா படிவத்தைக் கையில் எடுத்தாள். விரல் மண் ஓரத்தில் பட்டது. லட்சுமம்மா பதறிப்போய், “கறை ஆக்காதே, வேற ஃபாரம் குடுக்க மாட்டாங்க” என்றாள்.

எழுத்து பிரகாஷுடையது. ஃப்யூஸ் பெட்டிகளின்மேல் எது எந்த அறைக்கு என்று எழுதுவானே, அதே குண்டு குண்டான ஆங்கில எழுத்து. சங்கமித்ராவுக்குப் பிடித்த எழுத்து. பெயர், பிறந்த தேதி, தந்தையின் தொழில் எல்லாம் சரியாக இருந்தது. அதற்கடுத்து:

தாயின் படிப்பு: எஸ்.எஸ்.எல்.சி.

தாயின் தொழில்: கார்டன் ஒர்க்.

பள்ளி இடைவெளிக்குக் காரணம்: குழந்தைக்கு உடம்பு சரியில்லை.

அவள் இரண்டாவது தடவை படித்தாள். மூன்றாவது தடவையும் படித்தாள். எழுத்து மாறவில்லை.

“இதை எப்ப எழுதினீங்க?”

“பூர்ணிமா அன்னிக்கு” என்றான் பிரகாஷ். “விகாரைல. அக்கா ஃபாரம் கொண்டுவந்தா.”

“புத்த பூர்ணிமா அன்னிக்கு. விகாரைல. பஞ்சசீலம் சொல்றதுக்கு முன்னாடியா, சொன்னதுக்கு அப்பறமா?”

“மித்ரா…”

“நாலாவது சீலம் என்னங்க?”

“பொய் சொல்லாமை” என்றாள் யசோ. கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிரகாஷுக்கு முகம் சிவந்துவிட்டது. “டீச்சர்னு போட்டா கேள்வி வரும். டீச்சரா இருந்துட்டு ஏன் பிள்ளையை வீட்ல வெச்சீங்கன்னு கேப்பாங்க. பழசெல்லாம் தோண்டுவாங்க. அம்மா படிக்காதவங்க, தெரியாம நிறுத்திட்டாங்கன்னா பாவம்னு விட்டுடுவாங்க. அட்மிஷன் ஆகணும்னு ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணினேன். அவ்ளோதான்.”

“அதுக்காக என்னைப் படிக்காதவளா ஆக்கிட்டீங்க.”

“எஸ்.எஸ்.எல்.சி.ன்னுதானே போட்டிருக்கேன்.”

இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு உயிரோடு இருக்கிற கணவன்மார்கள் குறைவு. சங்கமித்ரா மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்து வாங்கிய பட்டம் அது. அவள் அம்மா அல்சூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் படிக்க வைத்தாள். அவள் குடும்பத்தில் முதல் பட்டம். அதை ஒரு பால்பாயிண்ட் பேனாவால் ஒரே வரியில் அழித்துவிட்டு, ஸ்வல்ப அட்ஜஸ்ட்டாம்.

“உங்க அக்காவுக்கு என்மேல கோபம், அது தெரியும். நீங்களுமா? வெட்கமா இருக்கா உங்களுக்கு, என்னைப் பாத்து?”

“நீ என்னைக் கேட்டியா?” பிரகாஷ் மேஜையை ஓங்கி அடித்தான். ஷூ ஒன்று கீழே விழுந்தது. “ரெண்டு வருஷம் முன்னாடி ஷிஃப்ட் முடிச்சு வீட்டுக்கு வர்றேன். பொண்ணு ஸ்கூலை விட்டாச்சு, நீ வேலையை விட்டாச்சு, வீட்டுக்காரங்ககிட்ட காலி பண்றோம்னு சொல்லியாச்சு. எல்லாம் முடிச்சுட்டுத்தான் எனக்குச் சொன்னே. சரின்னு வந்தேன். இங்க கெணறு மாதிரி குழி தோண்டிக் குப்பை போட்டேன், மேல பந்தல் போட்டேன், கோழிக்கு வீடு கட்டினேன். ஒரு நாள் கேட்டியா, உங்களுக்கு இது சரியான்னு?”

“அவ களை பிடுங்கிட்டிருந்தா! பாடம் நடக்கற நேரத்துல! அதைப் பாத்துட்டு உங்ககிட்ட பர்மிஷன் கேக்கணுமா?”

அப்போதுதான் அவள் கண் படிவத்தின் தலைப்புக்குப் போனது. இத்தனை நேரம் தன் வரியையே பார்த்துக்கொண்டிருந்ததில் பள்ளியின் பெயரைப் பார்க்கவில்லை. பினாபோரின் கட்டத்தைப் பார்த்தபோதே புரிந்திருக்க வேண்டும். கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

“அதே ஸ்கூலா?”

“வேற எங்க எனக்குக் குடுப்பாங்க?” என்றாள் லட்சுமம்மா.

“அதே ஸ்கூலுக்கு, அதே தோட்டத்துக்கு, என் பிள்ளையைத் திரும்ப அனுப்பணுமா? அங்க களை பிடுங்கினா அது படிப்பு, இங்க பிடுங்கினா கூலி வேலை. அப்படித்தானே அண்ணி?”

“சும்னே அதையே பேசாதே. பிள்ளைங்களைத் தோட்டத்துக்கு அனுப்பின அந்தக் கேத்தரின் மிஸ் ரிடையர் ஆயிட்டாங்க. இப்ப வந்திருக்கறவங்க தங்கமானவங்க. அவங்களே வந்து கேட்டாலும் இந்தவாட்டி நான் இவ பேரை வாயில எடுக்க மாட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் லட்சுமம்மாவுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. கீழே கிடந்த ஷூவை எடுப்பதுபோலக் குனிந்தாள்.

“இந்தவாட்டின்னா?” என்றாள் சங்கமித்ரா.

ஷூவில் தூசியே இல்லை. லட்சுமம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அண்ணி. இந்தவாட்டின்னா என்ன அர்த்தம்?”

“தப்பா ஒண்ணும் சொல்லல.” குரல் இறங்கிவிட்டது. “கேத்தரின் மிஸ் வந்து கேட்டாங்க. லட்சுமம்மா, தோட்ட வேலை நல்லா செய்யற பிள்ளைங்க யாரு இருக்காங்கன்னு. எங்க தம்பி பொண்ணு இருக்கா, சுறுசுறுப்பு, எங்கப்பாவே மாலிதான்னு சொன்னேன். மிஸ் கண்ணுல படட்டும், ஒரு நல்ல பேரு வரட்டும்னுதான். மத்த ரெண்டு பிள்ளைங்க பேரும் நான்தான் குடுத்தேன். ஒரு நாள், ரெண்டு நாள்னு நெனைச்சேன். அது நிக்கவே இல்ல.”

“பாத்துட்டுத்தானே இருந்தீங்க? தினம்?”

“பாத்தேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“யாருகிட்ட? ஆயா போயி மிஸ்கிட்ட சொல்றதா? நீ டீச்சர், நீ சொல்லுவே. நான் கேட் தொறக்கறவ.”

பிரகாஷ் எழுந்து நின்றான். இவ்வளவு நேரம் மனைவியிடம் பொங்கிய கோபம் அப்படியே திசை திரும்பிவிட்டது. அவனைத் தூக்கி வளர்த்த அக்கா அவள். அவளை எதிர்த்து அவன் குரல் உயர்த்தி இந்தக் கதையில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

“ரெண்டு வருஷமா எங்கிட்ட என்னா சொன்னே நீ? மித்ராவுக்குத் திமிரு, படிச்ச திமிரு, சின்ன விஷயத்தைப் பெருசு பண்ணிட்டான்னு சொன்னே. நானும் நம்பினேன். அவளுக்குத் தெரியாம பொய் எழுதிக் குடுத்தேன், உன் பேச்சைக் கேட்டு. எங்கப்பா மாலின்னு நீயே போயி சொல்லி எம்பொண்ணைத் தோட்டத்துல உக்கார வெச்சுட்டு, இப்ப இங்க வந்து மம்பட்டி புடிக்கக் கூடாதுன்னு கத்தறியாக்கா? யாரை ஏமாத்தறே?”

“பிரகாஷு…”

“பேசாதே. எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது.”

சங்கமித்ராவுக்கு ஜெயித்தது போல இருந்திருக்க வேண்டும். இல்லை. ஐம்பத்தேழு வயதுப் பெண்மணி ஒரு புது ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது, அழுகையும் வந்தது. நல்ல பேர் வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொந்தத் தம்பியின் குழந்தையைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்திருக்கிறாளே, இந்த நல்ல பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“எனக்குத் தெரியும்” என்றாள் யசோ.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

“அத்தைதான் பேர் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். கேத்தரின் மிஸ் மொத நாளே சொன்னாங்க. உங்க அத்தைதான் உன்னைப் பத்தி சொன்னாங்க, நல்லா பண்ணணும்னு.”

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?” என்றாள் சங்கமித்ரா.

“சொன்னா நீ அத்தைகூட சண்டை போடுவே. அப்பறம் அத்தை சனிக்கெழம வர மாட்டாங்க.”

லட்சுமம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். யசோ அதோடு நிறுத்தியிருந்தால் எல்லோருமாக அழுது, கோழிக்குழம்பு சாப்பிட்டு, அன்றைய நாள் சமாதானமாக முடிந்திருக்கும். ஆனால் அவளும் இந்த வீட்டுப் பெண்தான். அவளுக்கும் கோபம் வரும். இரண்டு வருஷமாக அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

“அத்தை என்னைக் கேக்காம என் பேரைக் குடுத்தாங்க. அப்பா என்னைக் கேக்காம ஃபாரம் எழுதிட்டாரு. நீயும்தான்மா. நீயும் என்னைக் கேக்கல.”

“நானா? உனக்காகத்தானே நான்…”

“அன்னிக்கு மத்தியானம் மேத்ஸ் டெஸ்ட் இருந்துச்சு. ராத்திரி முழுக்கப் படிச்சிருந்தேன். நீ வந்து மண்ணுக் கையோட என்னை இழுத்துட்டுப் போனே. கிளாஸ் மொத்தமும் ஜன்னல்ல நின்னு பாத்துச்சு. நான் கை கழுவிட்டு வரேன்னு சொன்னேன். நீ விடல. களை பிடுங்கினப்பகூட எனக்கு அவ்ளோ அவமானமா இல்ல. அன்னிக்குத்தான் இருந்துச்சு.”

சங்கமித்ரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நாளை அவள் ஆயிரம் தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதில் அவள்தான் நியாயம். கை கழுவிட்டு வரேன் என்று குழந்தை சொன்னது ஒரு தடவைகூட அவள் நினைவில் வரவில்லை. இப்போது வந்தது.

“அப்போ உனக்கு இங்க பிடிக்கலியா?” என்று கேட்டாள்.

“பிடிக்குது. இது என் தோட்டம். நீ சொல்லிக் குடுக்கறதும் பிடிக்குது, அங்க மிஸ்ஸுங்களைவிட நல்லா சொல்லிக் குடுக்கறே. ஆனா ஸ்கூலும் என்னுதுதானே? அவங்க என்னை வெளிய உக்கார வெச்சாங்க, நீ வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டே. அவங்களுக்கு ஈசியாப் போச்சு.”

வெளியே எங்கோ இடி உருண்டது. இன்றைக்கும் மழை வரும். பாதிச் செடிகள் இன்னும் தரையில் கிடந்தன. யாரும் எழுந்து போகவில்லை.

யசோ, பாடம் எழுதுகிற டப்பாவிலிருந்து பேனாவை எடுத்து, படிவத்தை அம்மாவின் முன்னால் நகர்த்தினாள்.

“எஸ்.எஸ்.எல்.சி.யை அடிச்சுட்டு உன் படிப்பை எழுது.”

சங்கமித்ரா எழுதினாள். அடுத்த வரிக்கு வந்து, கார்டன் ஒர்க்கின்மேல் பேனாவை வைத்தாள்.

“அதை அடிக்காதே” என்றாள் யசோ. “அதுவும் நீ செய்யறதுதானே. பக்கத்துல டீச்சர்னு சேத்து எழுது. ரெண்டு வருஷம் யாருகிட்ட படிச்சேன்னு கேட்டா நான் உன்னைத்தான் சொல்லுவேன்.”

சங்கமித்ரா அதையும் எழுதினாள். பிரகாஷ் குனிந்து பார்த்தான். சீலத்தைப் பற்றி அவனிடம் இனி யாரும் கேட்க வேண்டியதில்லை, அவன் முகமே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

“உடம்பு சரியில்லைன்னு போட்டிருக்கறதை நான் அடிச்சுடறேன்” என்று அவனே பேனாவை வாங்கினான். ஒரு கோடு இழுத்தான். “அங்க என்ன எழுதறது யசோ?”

“அதை அத்தை சொல்லுவாங்க.”

லட்சுமம்மா முந்தானையை விலக்கினாள்.

“நாளைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்குள்ள நீங்களும் வரணும் அத்தை. வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காரக் கூடாது. இந்தப் பிள்ளை ஏன் ஸ்கூலை விட்டுப் போச்சுன்னு அவங்க கேப்பாங்க. பேர் குடுத்தது நான்தான், தினம் வெளிய உக்கார வெச்சாங்க, இனிமே இவளையோ ஜோகுபாளையத்துப் பிள்ளைங்க வேற யாரையோ அதுக்குக் கூப்புடக் கூடாதுன்னு நீங்க சொல்லணும்.”

“கண்ணு, எனக்கு ரிடையர் ஆக இன்னும் ஒரு வருஷம் இருக்கு.”

“தெரியும் அத்தை.”

“அந்த ரூமுக்குள்ள நான் டீ கொண்டுபோயி வெச்சிருக்கேன். அவ்ளோதான். இருபத்தாறு வருஷத்துல அங்க நின்னு வாயைத் தொறந்ததில்ல.”

“நாளைக்குத் தொறங்க.”

“தொறக்கலேன்னா?”

பிரகாஷும் சங்கமித்ராவும் ஒரே நேரத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். யசோ கையைக் காட்டி இரண்டு பேரையும் நிறுத்தினாள். நகக்கண்ணில் தக்காளிச் செடியின் பச்சைக் கறை இருந்தது.

“நீங்க சொன்னா நான் சேர்றேன். சொல்லலேன்னா வந்துடறேன். ஆனா அம்மா, இந்தவாட்டி யாரும் என்னைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வர வேணாம். நானே கேட்டைத் தொறந்துட்டு நடந்து வருவேன்.”